தரையே ஆடும்

ஞாயிறு இணைப்பிதழின் நான்காம் பக்கத்தில் 'இந்த வாரம் எங்கே ஆடலாம்?' என்று ஒரு பத்தி வரும். அதை எழுதுகிறவருக்குப் பத்திரிகை அலுவலகத்தில் ஆட்டக்காரர் என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. ஐம்பதை நெருங்கும் வயது, முன்வழுக்கை, மாடிப்படியைக் கண்டாலே கைப்பிடியைத் தேடுகிற முழங்கால். இப்பேர்ப்பட்டவர்தான் ஊரிலுள்ள நடன கிளப்புகளில் எதில் பாட்டு நன்றாக இருக்கும், எதில் கூட்டம் நெரியும், எதற்குத் தனியாகப் போகலாம், எதற்குத் துணையோடு போவது நல்லது என்று இளவட்டங்களுக்கெல்லாம் வழிகாட்டிக்கொண்டிருந்தார். அவரோ பிறந்ததிலிருந்து ஆடியதில்லை. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் ஒருமுறை மேடை ஏற்றினார்கள். மரமாக நிற்கச் சொன்னார்கள். நின்றார். வாத்தியார் பாராட்டினார்.

அதற்காக மனிதர் உட்கார்ந்த இடத்திலிருந்தே புளுகித் தள்ளினார் என்று சொல்லிவிடக் கூடாது. வாராவாரம் கிளப்புக்குப் போகத்தான் செய்தார். போனது பகல் பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில் ஒரு நடன கிளப்பைப் பார்த்தவர்கள் ஊரில் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். குழல்விளக்கு வெள்ளைவெளேரென்று எரியும். நாற்காலிகள் மேசைமேல் தலைகீழாகக் கிடக்கும். ராத்திரி ஜொலித்த சுவர், கிட்டே போய்ப் பார்த்தால் ஓரம் பிய்ந்த ஜிகினாத் தாளாக இருக்கும். தரையில் சிந்திய பானமெல்லாம் காய்ந்து செருப்பைப் பிடித்து இழுக்கும். தரை துடைக்கிற அம்மாளிடம் அவர், "நேத்து கூட்டமா?" என்று கேட்பார். "மூணு இடத்துல வாந்தி" என்பாள் அந்த அம்மாள். மூன்று இடம் என்றால் நல்ல கூட்டம். 'களைகட்டிய இரவு' என்று குறித்துக்கொள்வார். ஒரு இடத்தோடு நின்றிருந்தால், 'அமைதியை விரும்புகிறவர்களுக்கு ஏற்ற இடம்'.

ஆரம்பத்தில் அவருக்கும் ராத்திரி போகவேண்டும் என்றுதான் எண்ணம். பத்தி கைக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை, தேய்த்த சட்டையும் துடைத்த ஷூவுமாக ஒரு கிளப் வாசலில் வரிசையில் நின்றார். கதவையே மறைக்கிற உடம்போடு ஒரு காவலாள் நின்றிருந்தான். அவரை மேலும் கீழும் பார்த்தான். மரியாதையாகத்தான் பேசினான்.

"பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா சார்? இப்படி ஓரமா நில்லுங்க. உள்ளே சொல்லி அனுப்பறேன்."

அவருக்கு இருப்பது ஒரே பையன், அவனும் வெளியூரில் வேலையில் இருக்கிறான். ஆனால் அந்த இடத்தில் அதையெல்லாம் எப்படி விளக்குவது? சரியென்று தலையாட்டினார். ஓரமாக நின்றார். இல்லாத பெண்ணுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மெல்ல நழுவினார். இரண்டு தெரு தள்ளித்தான் அக்கா வீடு. "வாடா, சாப்டியா?" என்ற அக்கா வேறெதுவும் கேட்கவில்லை. தட்டை வைத்தாள், பின்னறையில் பாயை விரித்தாள். அவருடைய வீட்டுப் படுக்கையறை ஜன்னல் பஸ் நிலையத்தைப் பார்த்தது. அக்கா வீட்டுப் பின்னறையிலோ ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. பல வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அடித்துப்போட்டாற்போல் தூங்கினார். அடுத்த வெள்ளிக்கிழமை கிளப் பக்கமே போகாமல் நேராக அக்கா வீட்டுக்குப் போனார். அதற்கடுத்த வெள்ளியும் அப்படித்தான். ஆறு வருஷம் ஓடிவிட்டது.

மனைவிக்கு இதெல்லாம் தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் கிளம்பும்போது, "இன்னைக்கு எங்கே?" என்று கேட்பாள். ஏதாவது ஒரு கிளப் பெயரைச் சொல்வார். "பார்த்து ஆடுங்க, முட்டி பத்திரம்" என்று அனுப்பிவைப்பாள். குற்ற உணர்வு உறுத்தும்தான். கூடவே கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். ராத்திரியெல்லாம் ஆடிவிட்டு வருகிற மனிதர் என்று தன்னை நினைக்க வீட்டில் ஒருத்தியாவது இருக்கிறாளே. சனிக்கிழமை காலையில், எட்டு மணி நேரம் தூங்கிய முகத்தோடு வந்து, "ஒரே அசதி" என்பார். அவர் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க ஊரார் கண்ணுக்கு டார்ச் அடித்துச் சோதிப்பதுதான் அவள் வேலை. அப்படிப்பட்டவள் வீட்டுக்காரருடைய கண்ணைப் பார்க்காமலா இருப்பாள் என்று அவர் ஒருநாளாவது யோசித்திருக்கலாம்.

வினை வந்தது ஒரு வரியில். ரயில் நிலையத்துக்குப் பின்னால் பழைய கிடங்கு ஒன்றின் மேல்தளத்தில் ஒரு கிளப் இருந்தது. மாடிக் கிளப் என்பார்கள். அதைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பக்கம் அமைக்கிறவர் பின்னாலேயே வந்து, "சார், ஒரு வரி குறையுது. ஏதாவது போட்டு நிரப்புங்க" என்றார். ஒரு கையைச் சட்டைப் பைக்குள்ளும் மறு கையைக் குடைமேலும் வைத்துக்கொண்டு ஆட்டக்காரர் சொன்ன வரி இதுதான்: 'இங்கே ஆட்கள் மட்டுமல்ல, தரையே ஆடும்!'

மாடிக் கிளப் முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. திங்கட்கிழமையே அந்த வரியைப் பெரிய எழுத்தில் அடித்து வாசலுக்கு மேலே துணியாகக் கட்டிவிட்டார். செவ்வாய்க்கிழமை கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்து கதவைப் பூட்டி முத்திரை வைத்தார். அவர் எதையும் எழுதியிருக்கிறபடியே எடுத்துக்கொள்கிறவர். 'வதந்தி காட்டுத்தீயாகப் பரவியது' என்று செய்தி வந்தால் தீயணைப்பு நிலையத்துக்கு ஃபோன் போடுவார் என்று அவருடைய ஆபீஸிலேயே அவரைக் கேலி செய்வார்கள். 'தரை ஆடும்' என்றால் அவருக்குத் தரை ஆடும் என்றுதான் பொருள். வியாழக்கிழமை பதினோரு மணிக்குச் சோதனை. எழுதியவர் நேரில் வந்து விவரம் சொல்ல வேண்டும் என்று உத்தரவு.

"இதுக்குப் போய் ஏன் முழிக்கிறீங்க?" என்றார் பொறுப்பாசிரியர். "சும்மா அலங்காரமா எழுதினேன்னு சொல்லிட்டு வாங்க, தீர்ந்தது விஷயம். 'ஊரே திரண்டது'ன்னு எழுதறோம். ஊரா திரண்டுச்சு? அந்த கிளப் முதலாளி வேற காலையிலேர்ந்து என் உயிரை எடுக்கறார்."

"அந்தப் பொறியாளர் கேப்பாரே, நீங்க நின்னு பார்த்தீங்களான்னு."

"நல்லா கேக்கட்டும். ஆறு வருஷமா விடிய விடிய ஆடிட்டு வர்றவர் நீங்க. உங்களைவிட வேற யாரு சொல்லணும்?"

ஆட்டக்காரருக்கு மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. நின்று பார்த்தேன் என்றால் பொய். நிற்கவே இல்லை என்றால் பத்தி போகும், வேலை போகும். எல்லாவற்றுக்கும் மேலே, அந்தச் சேதி வீட்டுக்குப் போகும்.

அன்று சாயங்காலம் மனைவி கடைக்குப் போட்டுப் போகிற வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"நாளைக்கு அந்த மாடிக் கிளப்புல சோதனை. தரை ஆடுதா இல்லையான்னு நான் போய்ச் சொல்லணுமாம். விளையாட்டா ஒரு வரி எழுதினேன். இவ்வளவு தூரம் வரும்னு யாரு கண்டா?"

"ஆடுதே" என்றாள் மனைவி.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். காலரைத் திருப்பிப் போட்டாள். பிறகுதான் மிச்சத்தைச் சொன்னாள்.

"தூணுக்கு இடப்பக்கம், அந்தப் பெரிய ஸ்பீக்கருக்கு முன்னாடி. சாதாரணமா நின்னா ஒண்ணும் தெரியாது. எல்லாரும் ஒரே நேரத்துல குதிச்சா அந்த இடம் மட்டும் உள்ளே போயிட்டு வருது, ஸ்பிரிங் கட்டில் மாதிரி. நானே ரெண்டு தடவை வாசல்ல சொல்லிட்டேன். அதுதான் மேடம் இங்கே ஸ்பெஷல்னு சிரிக்கறாங்க."

ஆட்டக்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார். "நீ எப்போ அங்கே போனே?"

"வெள்ளிக்கிழமை."

"எந்த வெள்ளிக்கிழமை?"

"எல்லா வெள்ளிக்கிழமையும்தான். அங்கே மட்டும் இல்லை, நீங்க எழுதற இடத்துக்கெல்லாம் போவேன். அந்த ஆத்தங்கரை கிளப்புல நல்ல காத்து வரும்னு எழுதினீங்களே, ராத்திரி ஜன்னலையெல்லாம் சாத்திடறாங்க. வெந்து போயிட்டேன்."

கதை இதுதான். பத்தி தொடங்கின புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போனார். கண்ணாடி இல்லாமல் இருட்டில் எங்கே போய் முட்டிக்கொள்வாரோ என்று அதை எடுத்துக்கொண்டு அவள் அந்த கிளப்புக்கே போனாள். உள்ளே போய்த் தேடிப் பாருங்கள் என்று விட்டார்கள். தேடினாள். எந்த மூலையிலும் ஆளைக் காணோம். பாட்டு மட்டும் நன்றாக இருந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். மறுநாள் அவருடைய அக்காவுக்கு ஃபோன் போட்டால், "உனக்குத் தெரியாதா? இங்கேதானே வந்து குறட்டை விட்டுத் தூங்கறான்" என்கிறாள் அக்கா.

இவ்வளவையும் கேட்ட மனிதர் எத்தனையோ கேட்டிருக்கலாம். முதலில் அவர் வாயில் வந்தது வேறு.

"உன்னை உள்ளே விட்டாங்களா?"

"ஏன், விடாம?"

"தெரிஞ்சப்பவே ஏன் என்னைக் கேக்கலை?" என்றார், கொஞ்சம் கோபமாகவே. தப்பு செய்தவருக்குக் கோபம் வருவது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான்.

"கேட்டிருந்தா அப்புறம் வெள்ளிக்கிழமையும் வீட்டிலேயே இருந்திருப்பீங்க" என்றாள்.

அவள் குரலில் குத்தலே இல்லை. உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான். அதனால்தான் அவருக்குச் சுருக்கென்றது. ஆறு வருஷமாகத் தான் அவளை ஏமாற்றியதாக நினைத்துத் தனக்குள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த வெட்கம்கூட இப்போது மிஞ்சவில்லை.

கோட்டை மடித்து வைத்துவிட்டு அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். "நாளைக்கு அங்கே போய் அலங்காரம் கிலங்காரம்னு சொல்லிட்டு வந்துடாதீங்க. வெள்ளிக்கிழமை என் ஆளுங்க அங்கே வருவாங்க. ஒரு நர்ஸ், ஒசரமா இருப்பாங்க. ஒரு பஸ் டிரைவரும் அவர் சம்சாரமும். பேரு கூடத் தெரியாது. யாரும் யாரையும் கேட்டுக்கறதில்லை. தரை உடைஞ்சு அவங்க கீழே போனா, நீங்களும் நானும் இந்த வீட்டுல நிம்மதியா உக்கார முடியுமா?"

"அப்போ நீயே வந்து சொல்லேன்."

"நான் வரமாட்டேன். என் பேச்சையே எடுக்காதீங்க. கடையில தெரியணும், உங்க ஆபீஸ்ல தெரியணும், அப்புறம் ஆளாளுக்கு அதைப் பத்திப் பேசணும். எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். நீங்க நின்னு பார்த்தேன்னே சொல்லுங்க. ஆறு வருஷமா சொல்றதுதானே, கூட ஒரு நாள்."

"சரி."

"சத்தியமா?"

"சத்தியமா" என்றார். அந்த நேரத்தில் மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

மறுநாள் பதினோரு மணிக்கு மாடிக் கிளப்பில் குழல்விளக்குகள் எரிந்தன. ஆட்டக்காரருக்குப் பழகிய வெளிச்சம், பழகிய நாற்றம். முதலாளி இருந்தார். பொறுப்பாசிரியரும் இருந்தார். அந்த கிளப்பின் வாசல் காவலாள், தரை துடைக்கிற அம்மாள், பொறியாளர், அவருடைய உதவியாளர் என்று எல்லோரும் நின்றிருந்தார்கள். பொறியாளர் பையைத் திறந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்துக்கொள்கிற அதே கட்டைதான், கொஞ்சம் நீளமானது. அதன் நடுவில் குமிழி ஆடாமல் அசையாமல் நின்றது. உதவியாளர் அங்கங்கே காலை ஓங்கி மிதித்துப் பார்த்தார். குமிழி நகர்வதாகத் தெரியவில்லை.

"ஆடலையே" என்றார் பொறியாளர். அவர் குரலில் ஏமாற்றம் தெரிந்தது. "நீங்க எதை வச்சு எழுதினீங்க?"

பொறுப்பாசிரியர் இருமினார். அந்த இருமலுக்கு அலங்காரம் என்று அர்த்தம். ஆட்டக்காரர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"ஆடுது சார். தூணுக்கு இடப்பக்கம், ஸ்பீக்கர் முன்னாடி. நான் நின்னு பார்த்தேன்."

"என்னைக்கு வந்து நின்னீங்க?" என்றார் முதலாளி. காவலாளைக் கூப்பிட்டார். "ஏம்பா, இவரை இங்கே பார்த்திருக்கியா?"

காவலாள் நேர்மையான ஆள். கூர்ந்து பார்த்தான். "ராத்திரியில இந்த சாரை நான் பார்த்ததே இல்லை."

தரை துடைக்கிற அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. நல்ல மனிதரை நாலு பேர் நடுவே இப்படி நிறுத்தி வைத்திருக்கிறார்களே என்று முன்னால் வந்தாள். "யாரு வரலைன்னது? சார் வருவாரே. தங்கமான மனுஷன். நான் துடைச்சுட்டு வரும்போது காலைத் தூக்கிக்குவார்."

"எத்தனை மணிக்கு வருவார்?"

"இதே நேரத்துக்குத்தான் சார். பாவம், ஒரு வாய் காபி கூட வாங்கிக்கமாட்டார்."

பொறுப்பாசிரியர் ஆட்டக்காரரைப் பார்த்தார். ஆறு வருஷத்துப் பத்திகளும் அந்த ஒரு பார்வையில் ஓடின. பொறியாளர் ரசமட்டத்தை எடுத்துத் துடைத்து உறைக்குள் போட ஆரம்பித்தார்.

"அப்போ முத்திரையை எடுத்துடலாம் இல்லையா?" என்றார் முதலாளி. "நாளைக்கு வெள்ளிக்கிழமை. நீங்க பூட்டினதுலேர்ந்து இன்னும் அதிகமாதான் கேக்கறாங்க. இருக்கற இடம் பத்தாது."

ஆட்டக்காரர் ஸ்பீக்கர் பக்கம் திரும்பிப் பார்த்தார். பெயர் தெரியாத அந்த உயரமான நர்ஸும் பஸ் டிரைவரும் அவர் சம்சாரமும் அந்தத் தூணுக்கு இடப்பக்கம் நிற்பது போலவே இருந்தது. அவர்கள் நடுவில் தன் மனைவியும் நிற்பாள் என்பது அடுத்தபடியாகத்தான் உறைத்தது. சத்தியம் செய்த ஈரம் காயவில்லை. என்ன செய்வார்?

"நான் ராத்திரி வந்ததில்லை, சார்" என்றார். "ஆடினதும் இல்லை. என் மனைவி ஆடியிருக்கா. அவ சொன்னதைத்தான் நான் சொல்றேன்."

"யாரு மேடம்?" என்றான் காவலாள்.

"கண்ணாடிக் கடையில வேலை பார்க்கறா."

காவலாள் முகம் மலர்ந்தது. "நம்ம கண்ணாடி மேடமா? சூப்பரா ஆடுவாங்க சார்." பிறகு ஆட்டக்காரரை மறுபடி ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான். "அவங்க வீட்டுக்காரரா நீங்க?" என்றான், நம்ப முடியாமல்.

மனைவிக்குப் போட்ட ஃபோன் பேச்சு சுருக்கமாக முடிந்தது. "சொல்லிட்டேன்" என்றார் இவர். "எதை?" என்றாள். "உன்னை." அந்தப் பக்கம் கடையில் யாரோ எழுத்துகளை வரிசையாகப் படிப்பது கேட்டது. "வர்றேன்" என்றாள்.

வெள்ளைக் கோட்டோடுதான் வந்தாள். காவலாள் கதவைத் திறந்துவிட்டு, "வாங்க மேடம்" என்று வழிவிட்டான். அவள் ஆட்டக்காரரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகப் பொறியாளரிடம் போனாள்.

"சும்மா வச்சுப் பார்த்தா எப்படிங்க தெரியும்? ஆடினாத்தானே ஆடும். பாட்டைப் போடச் சொல்லுங்க. எல்லாரும் வாங்க."

பொறியாளருக்கு அந்த வாதம் பிடித்துவிட்டது. சட்டப்படி சரியாக இருக்கிறது என்றார். முதலாளி மட்டும், இதில் தனக்குச் சம்பந்தமில்லை என்று படியோரம் ஒதுங்கிக்கொண்டார். மற்றவர்கள், தூணுக்கு இடப்பக்கம் மறுபடி எடுத்து வைத்த ரசமட்டத்தைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். பாட்டு அதிர்ந்தது. பட்டப்பகலில், குழல்விளக்கு வெளிச்சத்தில், நாற்காலிக் கால்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க, நகரத்தின் கட்டடப் பாதுகாப்புப் பொறியாளர் கைப்பையை மார்போடு அணைத்தபடி குதித்தார். பொறுப்பாசிரியர் ஓடுகிற பஸ்ஸில் ஏறப் பார்க்கிறவர் போல் ஒற்றைக் காலில் தத்தினார். காவலாள் பூமி அதிரக் குதித்தான். துடைக்கிற அம்மாள் சிரித்துச் சிரித்து ஆடவே முடியாமல் போனாள். குமிழி அசைந்தது போலவும் இருந்தது, அசையாதது போலவும் இருந்தது.

"நிறுத்துங்க" என்றாள் மனைவி. "ஆளுக்கொரு தாளத்துக்குக் குதிச்சா ஒண்ணும் ஆகாது. ஒண்ணா ஏறணும், ஒண்ணா இறங்கணும். மறுபடி போடுங்க பாட்டை."

ஒவ்வொருவராக இழுத்து நிறுத்தினாள். ஆட்டக்காரர் எப்படிக் குதித்தாலும் மற்றவர்கள் இறங்கும்போது ஏறினார். குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வந்து அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"காலைப் பார்க்காதீங்க. என்னைப் பாருங்க."

பார்த்தார். வீட்டில் இருபத்தைந்து வருஷமாகப் பார்க்கிற முகம்தான். ஆனால் இந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. தாடையை லேசாக நிமிர்த்திக்கொண்டு, யாரையும் எதையும் கேட்காமல், பாட்டுக்குள்ளே இருந்தாள். அவள் ஏறும்போது ஏறினார், இறங்கும்போது இறங்கினார். நாலைந்து தடவை அப்படி எல்லோரும் சேர்ந்து இறங்கியிருப்பார்கள். காலடியில் தரை மெத்தென்று உள்ளே போயிற்று. திரும்பி வந்து பாதத்தைத் தள்ளிற்று. துடைக்கிற வாளியிலிருந்து தண்ணீர் தளும்பிச் சிந்தியது. குமிழி ஒரு கோடிக்கு ஓடி மறு கோடிக்குத் திரும்பியது. கீழேயிருந்து யாரோ, "மேல என்னய்யா பண்றீங்க, கூரையிலேர்ந்து காரை பேந்து விழுதுய்யா" என்று கத்தினார்கள்.

"ஆடுது" என்றார் பொறியாளர். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அச்சில் வந்தது ஒன்றாவது எழுத்துக்கு எழுத்து உண்மையாகிவிட்டதே.

எல்லோரும் சுவரோரம் ஓடினார்கள். ஆட்டக்காரரும் ஓடினார். பயப்பட வேண்டிய நேரம் அது. ஆனால் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் ஆடியிருக்கலாமே என்றுகூட இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

கீழ்த்தளத்தில் மர அலமாரிகள் அடுக்குகிற கிடங்கு. பெரிய அலமாரி ஒன்றை நுழைக்க முடியவில்லை என்று, அந்த இடத்துக்கு நேர் கீழே குறுக்கே நின்ற ஒரு தூணை எப்போதோ எடுத்துவிட்டிருந்தார்கள். மேலே ஆட இடம், கீழே அலமாரிக்கு இடம், தூணுக்கு மட்டும்தான் இடமில்லை. முத்திரை அப்படியே நின்றது. முதலாளி பிற்பாடு மராமத்து பார்த்து, 'இனி தரை ஆடாது' என்று புதுத் துணி கட்டினார். அதைப் படித்துவிட்டு இளவட்டங்கள் வேறு கிளப்புக்குப் போய்விட்டார்கள் என்று கேள்வி.

பொறுப்பாசிரியர் விவரம் தெரிந்த மனிதர். ஆட்டக்காரரை வேலையை விட்டு எடுத்தால் ஏன் எடுத்தோம் என்று ஊருக்குச் சொல்ல வேண்டிவரும். அதனால் மறுநாளே முதல் பக்கத்தில் போட்டார்: 'பேராபத்தை உணர்ந்த எங்கள் ஆட்டக்காரரின் கால்கள்!' கூடவே ஆட்டக்காரரின் படம், இடுப்புக்கு மேலே. அதற்கு முன்னாலேயே, கிளப்பின் படி இறங்கும்போது, ஆட்டக்காரரின் மனைவியிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்திருந்தார். "நீங்களே எழுதுங்களேம்மா. ஆடத் தெரிஞ்சவங்க எழுதினா அதோட ருசியே தனி." அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "எழுதறவங்க ஆடறதில்லைன்னு இப்பத்தானே பார்த்தோம்" என்றாள்.

கிளப்பிலிருந்து கணவனும் மனைவியும் நடந்தே திரும்பினார்கள். கண்ணாடிக் கடை முனை வந்ததும் அவள் நின்றாள்.

"சத்தியம்னீங்க."

"வேற வழி தெரியலை."

"எனக்கும் தெரியலை. அதனாலதான் வந்தேன். நீங்க சொன்னது சரிதான். ஆனா எனக்கு ஆறலை." கோட்டு நுனியை இழுத்துவிட்டுக்கொண்டு கடைக்குள் போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் அக்கா ஃபோன் செய்தாள். இன்றைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். தேய்த்த சட்டையும் துடைத்த ஷூவுமாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பத்திரிகையைப் பார்த்துவிட்டுக் காலையிலிருந்து எத்தனையோ பேர் பாராட்டிவிட்டார்கள். ஒரு பாராட்டும் உள்ளே இறங்கவில்லை. அந்தச் சில விநாடி பாட்டும், சட்டைக் கையைப் பிடித்த அவள் பிடியும்தான் நினைவில் நின்றன. மனைவி அறையிலிருந்து வந்தாள். தலைமுடியை உயரத் தூக்கி முடிந்திருந்தாள். இதுநாள் வரை அவர் கிளம்பின பிறகுதான் அவள் கிளம்புவாள் என்பதால், இந்த அலங்காரத்தை அவர் இதற்கு முன் கண்டதே இல்லை.

"நானும் வர்றேன்" என்றார்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டினாள்.

"வேண்டாங்க."

"நேத்து கடைசியில ஒழுங்காத்தானே ஆடினேன்?"

"நல்லாவே ஆடினீங்க. அது இல்லை விஷயம்." மற்ற வாரையும் மாட்டினாள். "நீங்க வந்தா நான் உங்க பொண்டாட்டியா ஆடணும். அங்கே நான் சும்மா ஆடறேன்."

அவருக்கு வலித்தது. வலிக்கிறது என்றும் சொன்னார். அவள் அவர் தோளில் கை வைத்தாள். கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது, நிஜமான பரிவோடுதான். பிறகு எடுத்துக்கொண்டு கைப்பையைத் தோளில் போட்டாள்.

"எந்த இடம்னாவது சொல்லிட்டுப் போ" என்றார் ஆட்டக்காரர்.

கதவைத் திறந்து பிடித்தபடி அவள் யோசித்தாள்.

"சொன்னா எழுதிடுவீங்க" என்றாள்.